கதவைத் தட்டும் உரிமையை வாடகைக்கு விடாதீர்கள்: தமிழில் இணையதளம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் செய்தித்தளம், வேலைவாய்ப்புத் தளம், தேர்வு முடிவுத் தளம், ஜோதிடத் தளம், சமையல் தளம், சீரியல் தளம் என்று எதை நடத்தினாலும், உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பட்டுக்கோட்டையில் தாலுகா ஆபீஸ் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். பட்டா சிட்டா எடுத்துத் தருவது, வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, டிஎன்பிஎஸ்சிக்குப் பதிவு செய்வது, ஹால் டிக்கெட் எடுப்பது, இதுதான் பிழைப்பு. சில வருடங்களாக இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்துகொண்டது. “போன்ல வைரஸ் வந்திருச்சு, என்னன்னு பாருங்க” என்று நீட்டுகிறவர்களின் போனைச் சுத்தம் செய்து கொடுப்பது. அப்படி வரும் போன்களில் பெரும்பாலானவற்றில் வைரஸ் இருப்பதில்லை. நோட்டிஃபிகேஷன் அனுப்ப நீங்கள் வாங்கிவைத்த அனுமதிதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

புரட்டாசியில் ஒரு நாள், கடையைத் திறந்து விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் வந்து நின்றார். தென்னந்தோப்புக்காரர். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்து, மறுபடி கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றி ஆளாக்கியவர். கையில் சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த போன்.

“ஏம்மா, ராத்திரி பூரா இது கத்துது. தலைமாட்டுல வச்சிக்கிட்டுத் தூங்க முடியல. அணைச்சுப் போடலாம்னா மவன் கூப்புடுவான். உள்ள 13 வைரஸ் இருக்குதாம். காசு எவ்வளவு ஆனாலும் பரவால்ல, எடுத்து வுடு.”

வாங்கி மேலிருந்து விரலால் இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ‘உங்கள் போனில் 13 வைரஸ்கள்’. ‘பேட்டரி சேதமடைந்துவிட்டது, உடனே சரிசெய்க’. ‘வாழ்த்துகள், நீங்கள் ஐபோன் வென்றுள்ளீர்கள்’. ஒரு பெண்ணின் படம் போட்டு ‘2 மிஸ்டு கால்’. ஏதோ ஒரு வங்கியின் முத்திரை போல ஒன்றை ஒட்டி ‘கேஒய்சி இன்றுடன் முடிகிறது’. எல்லாவற்றின் தலையிலும் குரோமின் வட்டச் சின்னம். அதனால்தான் போனே தன்னிடம் பேசுகிறது என்று அவர் நினைத்துவிட்டார். அந்தச் சின்னத்தின் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் அனுப்பியவரின் இணைய முகவரி இருந்தது. எழுபது வயதுக் கண்ணுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் வாயில் நுழையாத பத்துப் பன்னிரண்டு ஆங்கில எழுத்து, அவ்வளவுதான்.

குரோமைத் திறந்து மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போனேன். அனுமதி கொடுத்த தளங்கள் 41. ஒவ்வொன்றாகத் தட்டி, அனுமதியை எடுத்து, அடுத்ததற்குப் போனேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது தாண்டியதும் கேட்டார்: “இத்தனையும் நானாம்மா கேட்டேன்?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை என்று எனக்குப் பட்டது. அந்த 41ல் ஒன்பது, தமிழ்த் தளங்கள். பெயரைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தவை. நானும் படிக்கிறவை. மீதி 32ம் யாருடையவை என்று யாருக்கும் தெரியாத முகவரிகள். அவற்றிலும் ஒரே பெயரே நாலைந்து முறை இருந்தது, முன்னால் ஒரு எழுத்தோ எண்ணோ மாறியிருந்தது. அது ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி என்பது ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி. ஒருவர் ‘பிளாக்’ கொடுத்ததும் அந்தப் பக்கம் அவரை உடனே இன்னொரு துணை முகவரிக்குத் தள்ளிவிட்டு, முதல் தடவை கேட்பதுபோல் மறுபடி கேட்கும். அங்கேயும் மறுத்தால் அடுத்தது. களைத்துப்போய் என்றைக்காவது ‘அலவ்’ அழுத்தும்வரை விடாது.

அந்த 32 பேரிடம் பெரியவர் தானாகப் போகவில்லை. அவர் போனது உங்களிடம்தான். தேங்காய் விலை பார்க்க, மழை வருமா பார்க்க, ராசிபலன் பார்க்க.

எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதைக் கடைக் கம்ப்யூட்டரிலும், எதுவும் போடாத ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனிலும் உட்கார்ந்து நானே செய்து பார்த்தேன். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, படத்தின் நடுவே இருக்கும் முக்கோணத்தைத் தொட்டேன். வீடியோ ஓடவில்லை. பின்னால் இன்னொரு பக்கம் திறந்துகொண்டது. அது இரண்டு மூன்று முகவரிகள் தாவி ஒரு வெள்ளைத் திரையில் நின்றது. ஒரு ரோபோ படம். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் அழுத்தவும்’ என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி, அந்தப் பொத்தானைக் காட்டும் ஒரு அம்புக்குறி. ரோபோவுக்கும் அந்தப் பொத்தானுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பெட்டி. பின்னால் போகும் பொத்தானை அழுத்தினேன், பின்னால் போகவில்லை. புதிதாக ஒரு விளம்பரப் பக்கம் வந்தது. திரும்பிப் போகும் வழியிலும் விளம்பரத்தைச் சொருகிவைக்க முடியும், சொருகியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த நானே அந்தப் பக்கத்தை மொத்தமாக மூடித்தான் வெளியே வந்தேன்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்கும் அனுமதிக்கு வருகிறேன்.

பக்கம் முழுசாகத் திறப்பதற்குள் பெட்டி வந்து விழுகிறது. வந்தவர் தலைப்பைக்கூட இன்னும் படிக்கவில்லை. ‘ஷோ நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று ஆங்கிலம். கீழே ‘பிளாக்’, ‘அலவ்’. எங்கள் பக்கத்தில் ‘அலவ்’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், அழுத்தினால்தான் காரியம் நடக்கும். வாட்ஸ்அப் போட்டபோது அலவ். பணம் அனுப்பும் ஆப் போட்டபோது அலவ். படிவத்துக்குப் போட்டோ எடுக்கக் கேமரா திறந்தபோது அலவ். கடையில் நானே எத்தனை பேரிடம் “அலவ் குடுங்க, அப்பதான் போகும்” என்று சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது மனசு உறுத்துகிறது. அந்தப் பழக்கத்தின் மேல்தான் நீங்கள் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள்.

உங்களில் சிலர் இன்னும் ஒரு படி போயிருக்கிறீர்கள். பிரவுசர் கேட்கும் பெட்டியில் ஒருவர் ‘பிளாக்’ கொடுத்துவிட்டால் அந்தத் தளம் அவரை மறுபடி கேட்க முடியாது. அதனால் பிரவுசரை உடனே கேட்கவிடாமல் முதலில் நீங்களே ஒரு பெட்டி வரைந்து காட்டுகிறீர்கள். அழகான மணிச் சின்னம், ‘செய்திகளை உடனுக்குடன் பெற’ என்று நல்ல தமிழில் ஒரு வரி. பொத்தான் இரண்டு: ‘சரி’, ‘பிறகு’. ‘வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் கிடையாது. ‘பிறகு’ கொடுத்தவருக்கு நாளைக்கு மறுபடி வரும், நாளன்றைக்கும் வரும். தெரியாமல் நடந்த பிழையாக இதை என்னால் நினைக்க முடியவில்லை. யோசித்துச் செய்த வேலை.

அந்த ‘அலவ்’ விழுந்த பிறகு என்ன ஆகிறது என்பது உங்கள் தளத்தைக் கட்டிக் கொடுத்தவருக்குத் தெரியும், படிக்கிறவருக்குத் தெரியாது. சர்வீஸ் வொர்க்கர் என்ற சின்ன நிரல் ஒன்று அவருடைய பிரவுசரில் தங்கிவிடுகிறது. உங்கள் பக்கத்தை மூடினாலும் அது போகாது. நீங்கள் அனுப்புவதைப் பிரவுசர் கம்பெனியின் சர்வர் வாங்கி அவருடைய போனில் சேர்க்கும், அந்த நிரல் விழித்து மணியடிக்கும். போனை அணைத்து மறுபடி போட்டாலும் இது நிற்காது. ஹிஸ்டரியை அழித்தாலும் அனுமதி அப்படியே இருக்கும். ஆன்டிவைரஸ் போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் தேடிப் பிடிக்க அங்கே திருட்டுக் கோப்பு எதுவும் இல்லை. மக்கள் பயந்துபோய்ப் போனைக் கழுவித் துடைப்பதுபோல் ஃபேக்டரி ரீசெட் செய்கிறார்கள், அதில் பேரப்பிள்ளைகளின் போட்டோவும் சேர்ந்து போய்விடுகிறது. அப்படிப் போட்டோவைத் தொலைத்துவிட்டு வந்து நின்ற ஒரு பாட்டியை எனக்குத் தெரியும்.

“எங்கள் தளத்திலிருந்து செய்தி மட்டும்தான் போகிறது” என்று நீங்கள் சொல்லலாம். ஒருமுறை உங்கள் தளத்தின் ரூட் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அங்கே நீங்கள் எழுதாத ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு கிடந்தால், அதை யார் கொடுத்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். “இந்தக் கோப்பை ஏற்றுங்கள், இந்த ஒரு வரியை ஒட்டுங்கள், சந்தாதாரர், அதாவது அலவ் கொடுத்தவர், எண்ணிக்கைக்குப் பணம் வரும்” என்று ஏதோ ஒரு விளம்பரக் கம்பெனி சொல்லியிருக்கும். அதை ஏற்றிய நிமிடத்திலிருந்து என்ன அனுப்புவது என்று தீர்மானிப்பது அவர்கள், அனுப்பியவர் பெயராகத் தெரிவது நீங்கள். ஒவ்வொரு விளம்பர இடமும் கண்ணிமைப்பதற்குள் ஏலத்தில் யாருக்கோ விற்கப்படுகிறது. வாங்குகிறவர் யார், எந்த ஊர், எதைக் காட்டப்போகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. லெட்டர்பேடின் கீழே கையெழுத்துப் போட்டு, மேலே காலியாக விட்டு, முகம் தெரியாதவர் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

சத்துணவில் சமையல் வேலை பார்க்கும் ஒரு அக்கா, ரேஷன் கார்டு திருத்தத்துக்கு வந்தவர், பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். வங்கியிலிருந்து வந்ததுபோல் ஒரு நோட்டிஃபிகேஷன், கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் கணக்கை முடக்கிவிடுவோம் என்று. தொட்டிருக்கிறார். ஒரு ஆப் இறங்கியிருக்கிறது. அதில் கேட்டதையெல்லாம் போட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் 18,400 ரூபாய் கணக்கில் இல்லை. மூன்று நாள் கழித்து என்னிடம் வருகிறார். இணையப் பண மோசடியைப் புகார் சொல்லும் 1930 எண்ணுக்கு உடனே போன் போட்டிருந்தால் பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்திவைக்க ஒரு வழியாவது இருந்திருக்கும். அப்படி ஒரு எண் இருப்பதே அவருக்குத் தெரியாது. சைபர் கிரைம் தளத்தில் நானே உட்கார்ந்து புகார் பதிந்து கொடுத்தேன். அந்த நோட்டிஃபிகேஷன் வந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு அவருடைய பிரவுசர் ஹிஸ்டரியில் பின்னோக்கிப் போனேன். அதற்கு இரண்டு வரி கீழே ஒரு சீரியல் பக்கம். தவறவிட்ட ஒரு நாள் எபிசோடைப் பார்க்கப் போயிருக்கிறார்.

அந்தச் சீரியல் பக்கம்தான் பணத்தைத் திருடியது என்று நான் சொல்ல மாட்டேன். திருடனைக் கூட்டிவந்து திண்ணையில் உட்காரவைத்தது அந்தப் பக்கம். அதற்கு வாடகையும் வாங்கியிருக்கிறது.

இது யாருக்கு நடக்கிறது என்றும் யோசித்துப் பாருங்கள். ஐபோனில் 2023 மார்ச்சில் வந்த 16.4 பதிப்பில்தான் இணையதள நோட்டிஃபிகேஷனே வந்தது. அதுவும் ஒரு தளத்தை முகப்புத் திரையில் ஆப் மாதிரி சேர்த்துக்கொண்டால்தான் அது அனுமதி கேட்கவே முடியும். அந்த விலை உயர்ந்த போன் வைத்திருப்பவருக்கு இந்த ‘அலவ்’ தொல்லை கிடையாது. ஆறாயிரம், எட்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், தமிழில் ஏதாவது படிக்கலாம் என்று வந்தவர், அவர் தலையில்தான் முழுதும் விடிகிறது. தமிழை நம்பி உங்களிடம் வந்தவர்தான் அதிகம் மாட்டுகிறார். எனக்கு இதில் அதிகம் வலிப்பது இதுதான்.

லாக் ஸ்கிரீனின் மேலேயே விளம்பரம் விழுந்து போனை எடுக்கவிடாமல் செய்வது வேறு கதை. அது போனில் போட்ட ஆப்பின் வேலை. டார்ச், கியூஆர் ஸ்கேனர், போனைச் சுத்தம் செய்யும் கிளீனர் என்று பெயர் வைத்துக்கொண்டு வரும். 2020 பிப்ரவரியில் கூகுள் இப்படித் தொல்லை கொடுத்த கிட்டத்தட்ட 600 ஆப்களைப் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்தது. அந்தக் கணக்கை உங்கள் மேல் எழுத மாட்டேன். ஆனால் ‘13 வைரஸ்’ என்று பயமுறுத்தும் நோட்டிஃபிகேஷனைத் தொட்டால் கடைசியில் இறங்குவது பெரும்பாலும் அப்படி ஒரு கிளீனர்தான்.

2015 ஏப்ரலில் குரோமின் 42வது பதிப்பில் இந்த வசதி வந்தபோது அது நல்ல வசதி. இப்போதும் நல்ல வசதிதான். ஆப் எதுவும் போடாமல், போனில் இடம் அடைக்காமல், ஒரு தளம் தன் வாசகரை நேரடியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். புயல் எங்கே கரையைக் கடக்கும், நாளைக்குப் பள்ளி உண்டா, மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, நெல் கொள்முதல் நிலையம் எங்கே திறக்கிறார்கள். டெல்டாவில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் பொழுதுபோக்குச் செய்தி கிடையாது. கஜா வந்த ராத்திரி எங்கள் தெருவில் கரண்டு போன பிறகு, பேட்டரி தீரும்வரை போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வழியைத்தான் இப்போது குப்பையைக் கொட்டி அடைத்துவிட்டார்கள். பிரவுசர் செய்பவர்கள் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வருகிறார்கள். 2018 டிசம்பர் 25 முதல் 2019 ஜனவரி 24 வரை ஒரு மாதம், ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் சோதனைப் பதிப்பில் இந்த அனுமதிப் பெட்டி எப்படி நடத்தப்படுகிறது என்று அதைச் செய்யும் மோசில்லா கணக்கெடுத்தது. சுமார் 1 கோடியே 80 லட்சம் முறை பெட்டி காட்டப்பட்டிருக்கிறது. ஒப்புக்கொண்டது 3 சதவீதம்கூட இல்லை. கிட்டத்தட்ட 19 சதவீதத்தில், பெட்டியைக் கண்டதுமே வந்தவர்கள் தளத்தைவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பெட்டியைக் காட்டும்போது ஐந்தில் ஒருவர் வாசலோடு திரும்பக்கூடும் என்று வைத்துப் பாருங்கள். 2020 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 72, வாசகர் பக்கத்தில் எதையாவது தொடும்வரை அந்தப் பெட்டியையே காட்டுவதில்லை. அடுத்த மாதமே குரோம் 80 அந்தப் பெட்டிக்கு ஓசையில்லாத சின்ன வடிவத்தைக் கொண்டுவந்தது. அந்த வருடம் அக்டோபரில் வந்த குரோம் 86, மோசடி நோட்டிஃபிகேஷன் அனுப்பும் தளங்கள் அனுமதி கேட்கும்போதே எச்சரித்துத் தடுக்க ஆரம்பித்தது. 2025 அக்டோபரில் கூகுள் இன்னும் ஒன்று சொன்னது. வருகிற நோட்டிஃபிகேஷன்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றைத்தான் யாராவது தொடுகிறார்கள், ஆகவே வாசகர் கண்டுகொள்ளாத தளங்களின் அனுமதியைக் குரோமே எடுத்துவிடும் என்று.

அதாவது நேர்மையாக மழைச் செய்தி அனுப்புகிற ஒருவர் இருந்தாலும், அவருடைய வழியும் சேர்ந்து அடைபடுகிறது.

காசு இல்லாமல் தளம் நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். சர்வர் வாடகை, நிருபருக்குச் சம்பளம், படம் எடுப்பவருக்குப் பெட்ரோல். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்ததே 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்பு தமிழில் எழுதிய பக்கத்துக்கு ஒழுங்கான விளம்பரம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு சின்ன வேலைவாய்ப்புத் தளம் நடத்திய என் தம்பியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கிடைத்த கம்பெனியின் நிரலை ஒட்டினான். இராத்திரியில் ஓடும் வண்டியில் தொற்றிக்கொள்வதுபோல்தான் பலரும் தொற்றிக்கொண்டீர்கள். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த வண்டி எங்கே போகிறது என்று தெரிந்த பிறகும் இறங்காமல் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

இறங்கியவர்கள் உண்டு. பாப்-அப் விளம்பரத்துக்கு ஆரம்பத்தில் நிரல் எழுதிய ஈதன் சக்கர்மேன், 1990களில் டிரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்தவர். பக்கத்தோடு ஒட்டாமல் விளம்பரத்தைத் தனிச் சன்னலில் காட்டலாம் என்று நல்ல எண்ணத்தில் செய்தது எப்படி ஆகிப்போனது என்று பார்த்துவிட்டு, 2014ல் பெயர் போட்டு எழுதிப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். என் தம்பி மன்னிப்பெல்லாம் எழுதவில்லை. அந்த நிரலை எடுத்தான். அந்த மாத வருமானம் பாதியாகக் குறைந்தது. இப்போது உள்ளூர் டைப்பிங் இன்ஸ்டிடியூட், கோச்சிங் சென்டர் விளம்பரங்களை நேரே போய்க் கேட்டு வாங்குகிறான். முன்பு வந்த அளவு இன்னும் வரவில்லை.

சட்டமும் சும்மா இல்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் மக்களை மடக்கும் தந்திரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் 13 தந்திரங்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பது அதில் ஒன்று. விளம்பரத்தை விளம்பரம் போல் தெரியாமல் வேறொன்றாக வேடம் போட்டுக் காட்டுவது ஒன்று. கம்ப்யூட்டரில் வைரஸ் என்று பொய் சொல்லி, அதை நீக்கும் கருவி என்று வேறொன்றைத் தலையில் கட்டுவது ஒன்று. அந்தப் பெரியவரின் போனில் ஒரே காலையில் மூன்றும் இருந்தன. அதே 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6வது பிரிவு, சம்மதம் என்றால் தெரிந்து, விரும்பி, தெளிவாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அதே அளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. சட்ட நுணுக்கத்துக்குள் நான் போகவில்லை. அந்த ஒரு நியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு ஒரு தட்டல். எடுப்பதற்கு மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், பட்டியலில் தேடல், தளத்தைத் தட்டல், அனுமதியை மாற்றல். இத்தனையும் செய்து கொடுக்க ஒரு ஜெராக்ஸ் கடை வேண்டியிருக்கிறது.

செல்போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் ‘வேண்டாம்’ என்று பதிய 1909 என்று ஒரு எண் இருக்கிறது. இந்த நோட்டிஃபிகேஷனுக்கு அப்படி ஒரு எண் கிடையாது. அதனால்தான் அரசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். இதை நாளைக்கே நிறுத்தக்கூடிய கை உங்கள் கைதான்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பக்கம் திறந்ததும் கேட்காதீர்கள். ஒருவர் உங்கள் செய்தியை முழுதும் படித்து முடிக்கட்டும், அதன் அடியில் தமிழில் ஒரு வரி எழுதி, அவராகத் தொட்டால் மட்டும் பிரவுசர் கேட்கட்டும். எதை அனுப்புவீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை அனுப்புவீர்கள் என்று அங்கேயே சொல்லுங்கள். மழை மட்டும் வேண்டும், சினிமா வேண்டாம் என்று பிரித்துக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ‘வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். அதை அழுத்தியவரை மறுபடி கேட்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘நோட்டிஃபிகேஷனை நிறுத்து’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். சேர்க்கத் தெரிந்த நிரல் நீக்கவும் தெரிந்த நிரல்தான். உங்கள் பெயரில் பிறர் விளம்பரம் அனுப்பும் அந்தக் கோப்பை எடுங்கள். வெறுமனே அழித்துவிட்டுப் போகாதீர்கள். ஏற்கெனவே சந்தா ஆனவர்களின் போனில் பழைய நிரல் கொஞ்ச காலம் உயிரோடு இருக்கும். அதே பெயரில், தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும் நிரலைக் கொஞ்ச காலம் வைத்திருந்து, வருகிறவர்களின் சந்தாவையும் ரத்து செய்துவிட்டு எடுங்கள். உங்கள் தொழில்நுட்ப ஆளுக்கு இது அரை நாள் வேலை.

பின்னால் திறக்கும் பக்கம், பின்னால் போகவிடாத பக்கம், இந்த இரண்டையும் எந்த விளம்பரக் கம்பெனி கொடுத்தாலும் வாங்காதீர்கள். இதில் எனக்குச் சமரசம் இல்லை. படிப்பவரின் விரலை ஏமாற்றிச் சம்பாதிக்கும் காசு அது.

இன்னொரு வேலையும் செய்து பாருங்கள். ஆபீஸில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, வீட்டில் அப்பாவின் போனையோ அத்தையின் போனையோ வாங்குங்கள். விளம்பரத் தடுப்பு எதுவும் இல்லாத அந்தப் போனில் உங்கள் தளத்தைத் திறந்து, ஒரு செய்தியைக் கடைசி வரி வரை படிக்கப் பாருங்கள். பிறகு அதே போனில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து, யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரும் எனக்கு வந்தவர் மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பெரியவர் ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். எதுவும் சரியில்லையோ என்று நினைத்தேன். “இப்ப சத்தம் இல்லம்மா, நிம்மதியாத் தூங்குறேன்” என்றார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஆனா மழை சேதி வர்றதும் நின்னு போச்சு. ஐப்பசி பொறக்கப் போவுது. எல்லாத்தயும் எடுத்துட்டியா?”

41லும் எடுத்திருந்தேன். அந்த ஒன்பது தமிழ்த் தளங்களில் எது அவருக்கு மழைச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது, எது மற்றதை அனுப்பியது என்று அன்றைக்கு என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சில தளங்கள் இரண்டையும் ஒரே பெயரில் அனுப்பியிருந்தன. “நல்லதா ஒண்ணு சொல்லு, அத மட்டும் போட்டுக் குடு” என்றார். யோசித்தேன். கைகாட்டிச் சொல்ல எனக்கு ஒரு தமிழ்த் தளத்தின் பெயர் வரவில்லை. அரசின் டிஎன் அலர்ட் ஆப்பைப் போட்டுக் கொடுத்து, புயல் எச்சரிக்கை இதில் வரும் பெரியப்பா என்று சொல்லி அனுப்பினேன். “தேங்கா வெல?” என்று கேட்டார். அதற்கு நாளைக்கு வாங்க, பார்த்து வைக்கிறேன் என்றேன்.

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாராவது அந்தக் கோப்பை எடுத்துவிட்டால், எடுத்துவிட்டோம் என்று உங்கள் தளத்திலேயே ஒரு வரி போடுங்கள். அவர் அடுத்த முறை வரும்போது உங்கள் தளத்துக்கு நானே என் கையால் ‘அலவ்’ போட்டுக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி